மெல்ல அடி எடுத்து வையுங்கள்!



அரியலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி உருக்கமாகக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மாமியாருக்கு 74 வயது. போன மாதம் கிணற்றடியில் வழுக்கி விழுந்தாராம். நல்ல காலம், எலும்பு முறியவில்லை. "அன்றிலிருந்து அவரை ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட விடாமல், கட்டிலிலேயே வைத்துத் தாங்குகிறேன். அப்படியும் நாளுக்கு நாள் தளர்ந்துகொண்டே போகிறார். சத்துக்கு என்ன செய்து கொடுக்கலாம்?" என்று கேட்டிருக்கிறார்.

கடிதத்தைப் படித்து முடித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த மருமகள் வேறு யாரோ அல்ல, நானேதான் என்று தோன்றியது. சத்து மாவுக் கஞ்சி பற்றி இன்னொரு இதழில் எழுதுகிறேன். இன்றைக்கு அதைவிட அவசரமான ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்னால், இதுவரை இந்தப் பக்கத்தில் நான் எழுதாத என் வீட்டுக் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் செட்டிகுளம் என்பது இந்தப் பகுதியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். ஆலத்தூர் கேட்டில் இறங்கி உள்ளே வர வேண்டும். கையில் கரும்போடு நிற்கிற தண்டாயுதபாணி மலைமேல் இருக்கிறார். கீழே ஏகாம்பரேஸ்வரரும் காமாட்சி அம்மனும். ஊரைச் சுற்றிச் சின்ன வெங்காயம். நான் இந்த ஊருக்கு மருமகளாக வந்த நாளில், என் மாமியார் கிருத்திகை தவறாமல் மலை ஏறுவார். இறங்கி வந்த கையோடு வெங்காயக் காட்டுக்கும் போவார். "படி ஏறுறவளுக்கு வைத்தியர் எதுக்கு?" என்பார்.

2011-ல், அத்தைக்கு 71 வயது நடக்கும்போது, மார்கழியில் வாசலில் கோலம் போட்டுவிட்டு எழுந்தவர் ஈரத்தில் கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். முழங்கையில் சிராய்ப்பு, இடுப்பில் ஊமைக் காயம், அவ்வளவுதான். எல்லோரும் பதறிப்போனோம். "இனிமே நீங்க எதுவும் செய்ய வேண்டாம் அத்தை. எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்" என்று சொன்னவள் நான்தான். கோலம் நின்றது. மலை நின்றது. காடு நின்றது. காப்பி கட்டிலுக்குப் போயிற்று, சாப்பாடும் கட்டிலுக்கே போயிற்று. "பட்டறை வெங்காயத்தைக் கொண்டாந்து கொட்டு தாயி, அழுகல் பொறுக்கியாச்சும் தரேன்" என்று கெஞ்சுவார். "சும்மா இருங்க அத்தை" என்று அடக்கிவிடுவேன். ஊரே என்னை மெச்சியது. இப்படி ஒரு மருமகள் யாருக்குக் கிடைப்பாள் என்றார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

எட்டு மாதம் கழித்து ஒரு நாள் இரவு, கழிப்பறைக்குப் போக எழுந்தவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே விழுந்தார். வழுக்கவில்லை, தடுக்கவும் இல்லை. கால் தாங்கவில்லை, அவ்வளவுதான். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. திருச்சிக்குக் கொண்டுபோய் அறுவை சிகிச்சை செய்தோம். அங்கே உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண் அத்தையின் தொடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ரொம்ப நாளா படுக்கையிலயே இருந்தாங்களாம்மா?" என்று கேட்டார். நான் நடந்ததைச் சொன்னேன். "முதல் தடவை விழுந்தப்பவே நல்லா நடக்க விட்டிருக்கலாமே" என்று மெதுவாகச் சொன்னார். குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. இருந்தாலும் அந்த வார்த்தை இன்றைக்கும் என் காதை விட்டுப் போகவில்லை. அத்தை அதன் பிறகு எழுந்து நடக்கவே இல்லை. நான்கு மாதத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பின்னாளில்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். 2007-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், நல்ல ஆரோக்கியமாக இருந்த முதியவர்களைப் பத்தே நாள் படுக்கையில் இருக்கச் செய்து பார்த்தார்கள். கால்களின் சதையில் மட்டும் ஏறக்குறைய 1 கிலோ குறைந்துவிட்டதாம்! பத்து நாளைக்கே இந்தக் கதி என்றால், எட்டு மாதத்துக்கு என்ன ஆகும்? அன்பு என்று நினைத்து நான் செய்தது அதுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

2019-ல் மகளின் பிரசவத்துக்காகச் சிங்கப்பூர் போயிருந்தேன். அங் மோ கியோவில் அடுக்குமாடி வீடு. எனக்கு அப்போது 57 வயது. முழங்கால் வலி ஆரம்பித்து, மாடிப்படியைப் பார்த்தாலே மலைப்பாக இருந்த சமயம். அத்தைக்கு நேர்ந்தது எனக்கும் நேருமோ என்ற பயம் உள்ளுக்குள் எப்போதும் இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை. தரை ஈரமாக இருந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பேன்.

ஒரு நாள் காலை, பேரனுக்கு இளவெயில் காட்டலாம் என்று கீழே இறங்கினேன். அந்த ஊரில் பொழுது விடியவே ஏழு மணி ஆகிவிடுகிறது. கட்டடத்தின் அடித்தளத்தில், தூண்களுக்கு நடுவே இருபது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். பெரும்பாலும் சீனப் பாட்டிமார்கள். ஒரு வயலின் நாற்றுகளெல்லாம் ஒரே காற்றுக்கு அசைகிற மாதிரி, அத்தனை பேரும் ஒன்றாக அசைந்தார்கள். சத்தம் இல்லை, அவசரம் இல்லை. ஒரு காலைத் தூக்கி வைப்பதற்குள் நான் பத்து வரை எண்ணிவிடலாம் போலிருந்தது.

"இது என்னடி, சாமி ஆடுற மாதிரியும் இருக்கு, தூங்குற மாதிரியும் இருக்கு?" என்று மகளிடம் கேட்டேன்.

"அதாம்மா தாய்ச்சி. எதிர் வீட்டுப் பாட்டியும் அதுல இருக்காங்க பாருங்க. அவங்களுக்கு 83 வயசு."

பார்த்தேன். அந்த 83 வயதுப் பாட்டி ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார்! சுவரைப் பிடிக்கவில்லை, தடுமாறவும் இல்லை. எனக்குச் சட்டென்று அத்தையின் நினைவு வந்து கண் கலங்கிவிட்டது. அவர் உயிரோடு இருந்திருந்தால் அப்போது 79.

மறுநாள் அந்தப் பாட்டியே என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். எனக்குச் சீனமும் மலாயும் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. நான் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன். நான் அவசரப்படும் போதெல்லாம் என் தோளைத் தட்டி, "ஸ்லோ, ஸ்லோ" என்பார். மூன்று மாதம் எனக்குக் கிடைத்த பாடம் முழுதும் அந்த ஒரு சொல்தான்.

தாய்ச்சி என்பது சீன தேசத்தின் பழைய தற்காப்புக் கலை. நம் தாய்க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை! அந்தச் சொல்லுக்கு 'உன்னதமான எல்லை' என்று பொருள். ஹெனான் மாகாணத்தில் சென் என்ற குடும்பத்தார் வாழ்ந்த கிராமத்தில், 17-ஆம் நூற்றாண்டில் அது உருப்பெற்றதாகச் சொல்கிறார்கள். பிறகு யாங் லூசான் என்பவர் அந்தக் கிராமத்தில் கற்றுக்கொண்டு பெய்ஜிங்கில் பரப்பினார். சண்டைக்கென்று வந்த கலை, கொஞ்சம் கொஞ்சமாக உடம்பைப் பேணும் கலையாகவும் ஆகிவிட்டது. 1956-ல் சீன அரசின் விளையாட்டுத் துறை, பாமர ஜனங்களும் கற்றுக்கொள்ளட்டும் என்று 24 அசைவுகள் கொண்ட சுருக்கமான முறை ஒன்றை வகுத்தது. முழுதும் செய்து முடிக்க ஐந்தாறு நிமிஷம் ஆகும். 2020 டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் தாய்ச்சியை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

"காஞ்சிபுரத்துப் போதி தருமர் கொண்டுபோனதுதானே இது?" என்று என் மருமகன் கேட்டார். '7ஆம் அறிவு' படம் வந்த 2011-லிருந்து பலரும் அப்படி நினைக்கிறார்கள். போதி தருமரைச் சாவோலின் மடத்தோடு சேர்த்துச் சொல்லும் கதைகள் உண்டு. ஆனால் தாய்ச்சியின் வரலாறு அந்தச் சென் கிராமத்தில்தான் போய் நிற்கிறது. நல்லது எங்கிருந்து வந்தால் என்ன? மிளகாய் வெளிநாட்டிலிருந்துதான் வந்தது. அது இல்லாமல் நாம் குழம்பு வைக்கிறோமா?

சரி, இத்தனை மெதுவாக அசைவதில் என்ன பிரயோஜனம்?

நாம் நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் ஒரு கணம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம். வேகமாக நடந்தால் அந்தக் கணம் தெரியாமல் ஓடிவிடும். தாய்ச்சியில் அந்தக் கணத்தையே நீட்டி வைக்கிறார்கள். முழங்காலைச் சற்றே மடக்கி, உடம்பின் கனத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்குச் சிறிது சிறிதாக மாற்றுகிறோம். அதனால் தொடைச் சதை பலப்படுகிறது. பாதத்திலும் கணுக்காலிலும் உள்ள நரம்புகள், "இப்போது கனம் எங்கே இருக்கிறது" என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. கண்ணும் காதின் உட்பகுதியும் சமநிலைக்கு உதவுகின்றன. வயதானால் இவையெல்லாம் மந்தமாகிவிடும். சாணை பிடித்தால் அரிவாள்மனை கூர்மையாவது போல, தினமும் பழகப் பழக இவையும் தீட்சண்யமாகின்றன. மூச்சும் மனசும் அசைவோடு சேர்ந்து போவதால் படபடப்பும் அடங்குகிறது.

இது வெறும் நம்பிக்கை இல்லை. 1996-ல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் 70 வயது தாண்டிய 200 பேரை வைத்து ஆராய்ந்தார்கள். 15 வாரம் தாய்ச்சி பழகியவர்களிடம் திரும்பத் திரும்ப விழும் ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. விழுந்துவிடுவோமோ என்ற பயமும் குறைந்தது. 2018-ல் ஆரிகன் மாநிலத்தில் முன்பே விழுந்தவர்களையும் நடை தளர்ந்தவர்களையுமாக 670 முதியவர்களைச் சேர்த்து, வாரம் இரண்டு தடவை வீதம் 24 வாரம் பயிற்சி கொடுத்தார்கள். வெறுமனே கை கால் நீட்டும் பயிற்சி செய்தவர்களைவிட, தாய்ச்சி முறைப் பயிற்சி செய்தவர்கள் விழுந்தது 58 சதவீதம் குறைவு!

முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு, முறையான இயன்முறை சிகிச்சைக்குச் சமமான பலனைத் தாய்ச்சி தருகிறது என்று பாஸ்டனில் 204 பேரிடம் செய்த ஆராய்ச்சி 2016-ல் சொன்னது. ரத்த அழுத்தம் எல்லைக்கோட்டில் இருந்த 342 பேரைப் பெய்ஜிங்கில் ஓராண்டு கவனித்து 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். தாய்ச்சி செய்தவர்களுக்கு மேல் அளவு சராசரியாக 7 புள்ளி குறைந்தது. வேக நடை போன்ற பயிற்சிகளைச் செய்தவர்களுக்கு 4.6 புள்ளிதான் குறைந்தது. பார்க்கின்சன் என்னும் நடுக்கவாதம் உள்ளவர்களுக்கும் சமநிலை சீர்ப்படுவதை 2012-ல் காட்டியிருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு மாத்திரை டப்பாவைத் தூக்கிப் பரணில் போட்டுவிடாதீர்கள்! சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் மருந்து மருந்துதான். தாய்ச்சி அதற்குத் துணை.

ஊர் திரும்பியதும் எங்கள் மொட்டை மாடியில் தனியாகச் செய்ய ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டு மாடியில் வடகம் காயப்போட வந்தவர்கள் பார்த்துவிட்டார்கள். "சிங்கப்பூருக்குப் போயி ஏதோ புடிச்சிட்டு வந்திருக்கு" என்று பேச்சுக் கிளம்பியது. என் பெரிய பேத்திதான் முதலில் பக்கத்தில் வந்து நின்றாள். "அப்பாயி, நானும் வரேன்" என்றாள். அவளுக்கு விளையாட்டு. ஆனால் ஓரிடத்தில் நிற்காத பெண், அந்தப் பத்து நிமிஷம் மட்டும் நின்றாள். அடுத்து என் ஓரகத்தி, பிறகு இரண்டு தெருப் பெண்கள். வெங்காயக் காட்டில் நாள் முழுக்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இடுப்பு பிடித்துப்போனவர்கள்.

சீனப் பெயர் யாருக்கும் வாயில் நுழையவில்லை. அசைவுகளுக்கு அங்கே 'மேகக் கை', 'வெண்நாரை சிறகு விரித்தல்', 'காட்டுக் குதிரையின் பிடரியைப் பிரித்தல்', 'சேவல் ஒற்றைக் காலில் நிற்றல்' என்றெல்லாம் அழகான பெயர்கள். எங்கள் மாடியில் மேகக் கை 'தொட்டில் ஆட்டறது' ஆயிற்று. பிடரி பிரிப்பது 'நெல்லு தூத்தறது' ஆயிற்று. "கும்மி அடிக்கும்போது கால் மாத்துவமே, அதையே உறக்கத்துல செஞ்சா இதுதானே?" என்றாள் ஓரகத்தி. அவ்வளவு சுலபமாக எனக்கே விளக்கத் தெரியவில்லை!

எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியம்மா இருக்கிறார். 76 வயது. முன்பு ஒரு தடவை விழுந்து மணிக்கட்டு முறிந்து, அதிலிருந்து இரண்டு வருஷம் திண்ணையைத் தாண்டவில்லை. பிள்ளைகள் தாங்கினார்கள், நான் என் அத்தையைத் தாங்கிய மாதிரியே. அவரைப் பார்க்கும் போதெல்லாம் எனக்கு மனசு அறுக்கும். ஒரு நாள் போய்க் கூப்பிட்டேன்.

"எனக்கெதுக்குத்தா இந்த வயசுல ஆட்டமும் பாட்டமும்? விழுந்தா யாரு பாக்கறது?" என்றார்.

"விழாம இருக்கத்தான் பெரியம்மா கூப்புடறேன். நாற்காலியில உக்காந்தே செய்யலாம்" என்றேன்.

மாடி ஏற முடியாதே! அதனால் அவர் வீட்டு முற்றத்துக்கே நாங்கள் போனோம். முதல் மாதம் முழுக்க உட்கார்ந்துதான் செய்தார். பிறகு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொரோனாக் காலத்தில் எல்லாம் நின்றுபோய், அப்புறம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினோம். ஒரு நாள் சாயந்திரம் வாசலில் ஆட்டுக் கயிறு காலில் மாட்டிவிட்டதாம். "கீழ போயிட்டேன்னுதான் நெனச்சேன். கால் தானா முன்னால போயி ஊனிக்கிச்சுத்தா!" என்று சிறுமி மாதிரி ஓடி வந்து சொன்னார். ஓடி வந்தார் என்பதையே அவர் கவனிக்கவில்லை!

அவர் மலை ஏறிவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அது நடக்கவில்லை. ஆனால் போன பங்குனி உத்திரத்துக்குத் தன் காலாலேயே நடந்து அடிவாரம் வரைக்கும் வந்தார். முதல் படியில் சூடம் ஏற்றிவிட்டு, அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டார். பக்கத்தில் நின்ற எனக்கு அத்தையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்ட மாதிரி இருந்தது.

நீங்களும் ஆரம்பிக்கலாம். ஆசான் இருந்தால் அவரிடமே கற்றுக்கொள்ளுங்கள். இல்லாதவர்கள் இந்தச் சுலபமான ஐந்திலிருந்து தொடங்கலாம்.

1. நிற்பது: பாதங்களைத் தோள் அகலத்துக்கு அகட்டி வையுங்கள். முழங்காலை விறைக்காமல் சற்றே தளர்த்துங்கள். தலை நிமிர்ந்து, தோள் தாழ்ந்து இருக்கட்டும். மூக்கால் மெல்ல மூச்சை இழுத்து விடுங்கள். இரண்டு நிமிஷம்.

2. கை உயர்த்துவது: மூச்சை இழுத்தபடி இரு கைகளையும் முன்புறமாகத் தோள் உயரம் வரை கொண்டுவாருங்கள். மூச்சை விட்டபடி தாழ்த்துங்கள். தண்ணீரில் மிதக்கிற கை போல இருக்க வேண்டும். ஆறு தடவை.

3. கனம் மாற்றுவது: உடம்பின் பாரம் முழுதையும் வலது காலுக்கு மெல்லக் கொண்டுபோங்கள். இடது கால் காலிக் குடம் மாதிரி லேசாகிவிடும். பிறகு அப்படியே இடப்பக்கம். பத்து தடவை.

4. தொட்டில் ஆட்டுவது: கனம் மாற்றும்போதே, உள்ளங்கை முகத்தைப் பார்க்க ஒரு கையை முகத்துக்கு நேராகவும், மறு கையை வயிற்றுக்கு நேராகவும் வைத்து, இடுப்போடு சேர்ந்து திரும்புங்கள். பக்கம் மாறும்போது கைகளும் மேல் கீழாக மாறட்டும். முழங்காலைத் திருகாதீர்கள். பாதம் பார்க்கிற திசையையே முழங்காலும் பார்க்க வேண்டும்.

5. பூனை நடை: ஒரு காலில் முழுக் கனத்தையும் நிறுத்திக்கொண்டு, மறு காலை முன்னே வையுங்கள். முதலில் குதிகால், பிறகு பாதம், கடைசியாகக் கனம். சுவரோரமாக ஆறு அடி போய்த் திரும்புங்கள்.

முதல் வாரம் பத்து நிமிஷம் போதும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அரை மணி வரை கூட்டலாம். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் பலத்துக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் கூறியிருக்கிறது. சாப்பிட்டவுடன் செய்ய வேண்டாம். புடவைக் கொசுவம் காலில் சிக்காதபடி தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள். காய்ந்த, சமமான தரையாக இருக்கட்டும். கைக்கு எட்டுகிற தூரத்தில் சுவரோ கனமான நாற்காலியோ அவசியம். பிளாஸ்டிக் நாற்காலி நகர்ந்துவிடும், ஜாக்கிரதை.

முழங்காலை எவ்வளவு மடக்குவது என்று கேட்பீர்கள். வலி தெரியாத அளவுக்குத்தான். சதை களைத்துப்போவது சரி, மூட்டு வலிப்பது சரியில்லை. தலைசுற்றல் உள்ளவர்கள், சமீபத்தில் அறுவை சிகிச்சை ஆனவர்கள், எலும்பு மிகவும் தேய்ந்தவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் டாக்டரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

வீட்டையும் ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். கட்டிலிலிருந்து கழிப்பறை வரை ராத்திரி விளக்கு எரிகிறதா? குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்கிறதா? ஓரம் மடிந்த மிதியடி, தேய்ந்த ரப்பர் செருப்பு, வாசலில் பாசி, இவை எல்லாம் எமனின் ஏஜெண்டுகள். கண்ணில் புரை இருந்தால் காட்டிவிடுங்கள். தூக்க மாத்திரையும் சில ரத்த அழுத்த மாத்திரைகளும் எழுந்தவுடன் கிறுகிறுப்பை உண்டாக்கலாம். அப்படி இருந்தால் தாமாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் பிறகு நிற்கப் பழக்குங்கள். உலகில் ஆண்டுதோறும் 6,84,000 பேர் கீழே விழுந்ததனாலேயே உயிரிழக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் பெரும்பங்கு அறுபது தாண்டியவர்கள்.

அரியலூர்ச் சகோதரிக்குத் தனியாக இரண்டு வார்த்தை. உங்கள் மாமியாரை ஒரு தடவை டாக்டரிடம் காட்டி, உள்ளே முறிவு எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி தரும் வசதி, 2021-ல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். பிறகு அவரைக் கட்டிலிலிருந்து எழுப்புங்கள். முதலில் நாற்காலி, அப்புறம் உங்கள் கையைப் பிடித்து நிற்பது, அப்புறம் பத்து அடி. சாப்பாட்டைக் கட்டிலுக்குக் கொண்டுபோகாதீர்கள், அவரைச் சாப்பாட்டுக்கு அழைத்து வாருங்கள். கீரை ஆய்ந்து தரட்டுமா என்று அவர் கேட்டால் தயவுசெய்து மறுக்காதீர்கள். கட்டை முறத்தில் போட்டுக் கையில் கொடுங்கள். பத்து நிமிஷம் அவரோடு நீங்களும் நின்று கை கால் அசையுங்கள். உங்களுக்கும் ஒரு நாள் எழுபது வரத்தான் போகிறது, அம்மா.

நான் செய்யத் தவறியதை நீங்கள் செய்தால் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். அவர் மறுபடியும் வாசலில் புள்ளி வைத்தார் என்று இருந்தால், அந்தக் கடிதத்தை மலையடிவாரத்துக்கு எடுத்துப்போய்ப் பெரியம்மாவிடம் படித்துக் காட்டுவேன்.

அடுத்த இதழில், கேட்டபடி சத்து மாவுக் கஞ்சி. அதுவரை, மெல்ல... மெல்ல...